அலைநகர் போலீசுக்குப் பாடம் எடுத்தவள்

உஸ்மாவுக்குக் கோபமே வராது என்று அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் சொல்வார்கள். காட்டுப்பாக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் அவள் பயிற்சியாளர். பிரேக் என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்கள், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள், பூந்தமல்லி ரோட்டின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டு அழுகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. எதற்கும் குரல் உயர்த்த மாட்டாள்.

அவள் கத்தியதெல்லாம் வீட்டில்தான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து. "துப்பாக்கிய உள்ள வைய்யா! ஹெல்மெட் போடாதவன புடிக்க எதுக்கு துப்பாக்கி?" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் பதறி மாடி ஏறி வந்தார். அவளுடைய கணவன் நஜீர் கதவைத் திறந்து, "ஒண்ணுமில்ல சார், ஊட்ல போலீஸ் வேல நடக்குது" என்று சொல்லி அனுப்பினான்.

அந்தப் போலீஸ் வேலை அலைநகரில் நடந்தது. அலைநகர் கம்ப்யூட்டரில் இருக்கிற ஊர். பல ஊர்களிலிருந்து தமிழர்கள் அவரவர் வீட்டில் மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அங்கே ஒருவர் மெக்கானிக்காகவும், ஒருவர் டாக்டராகவும், ஒருவர் இட்லிக் கடைக்காரராகவும், ஒருவர் திருடனாகவும் வாழ்வார்கள். கேம்தான், ஆனால் அதில் ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. எடுத்துக்கொண்ட வேஷத்துக்கு ஏற்றபடி பேச வேண்டும், நடந்துகொள்ள வேண்டும். வண்டி மோதினால் வலிப்பதுபோல் கத்த வேண்டும். காரணமில்லாமல் யாரும் யாரையும் சுட்டுவிடக் கூடாது. இதை ரோல்பிளே என்பார்கள். ஆடுகிறவர்களுக்கு அது வெறும் 'சிட்டி'.

ஊரடங்குக் காலத்தில் டிரைவிங் ஸ்கூல் மூடிக் கிடந்தபோது உஸ்மா அங்கே போனாள். நஜீர் பூந்தமல்லியில் ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவும் இல்லாமல் அவனுடைய கம்ப்யூட்டரும் அப்போது சும்மா இருந்தது. ஓட்டக் கார் இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தவளுக்கு அவன்தான் இந்த கேமைப் போட்டுக் கொடுத்தான். அவள் அலைநகரில் டாக்ஸி ஓட்ட ஆரம்பித்தாள். சிக்னலில் நிற்பாள், இண்டிகேட்டர் போடுவாள். ஏறுகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவாள். ஊரடங்கு முடிந்து வேலை தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அவளைப் போலீசில் சேர வைத்ததே போலீஸ்காரர்கள்தான். டாக்ஸியை நிம்மதியாக ஓட்ட முடியவில்லை. சைரன் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் வருவார்கள், இடிப்பார்கள், போய்விடுவார்கள். ஒருநாள் புகார் கொடுக்கலாம் என்று அலைநகர் ஸ்டேஷனுக்குப் போனாள். மேஜையில் யாரும் இல்லை. கூரைமேல் ஒரு கான்ஸ்டபிள் பைக் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"புகார்லாம் யாரும் எய்தறதில்லக்கா. நீ வேணா சேந்துடு, ஆளு கம்மியா கீது" என்றான் அவன்.

உடனே யூனிஃபார்ம், கைத்துப்பாக்கி, ஜீப் சாவி எல்லாம் கிடைத்தன. பயிற்சி எப்போது என்று கேட்டாள். "பாத்து கத்துக்க வேண்டிதான்" என்றான்.

யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்பதுதான் பிரச்சினை. கமிஷனர் அருள். முகப்பேரில் இருக்கிற பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை. சிட்டியைத் தொடங்கிய நண்பர்களில் ஒருவன் என்பதால் கமிஷனர் ஆனவன். வாரந்தோறும் எல்லாரையும் ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நிறுத்தி ஒழுக்கம், கட்டுப்பாடு, கடமை என்று நீளமாகப் பேசுவான். பேசி முடித்ததும் தன் நண்பர்களுக்குப் பதவி உயர்வு அறிவிப்பான். அவனோடு ஒன்றாகப் பள்ளியில் படித்த பாண்டியன் சேர்ந்த வேகத்தில் இன்ஸ்பெக்டர் ஆனான். பாண்டியனுக்குத் தெரிந்த போலீஸ் வேலை ஒன்றே ஒன்றுதான்: துரத்துவது. ஓடாதவனையும் துரத்துவான்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்க என்று இரண்டு பயிற்சி அதிகாரிகள் பெயரளவில் இருந்தார்கள். ஒருவன் கேம் பக்கமே வருவதில்லை. இன்னொருவன் திருடர் கும்பலில் இன்னொரு வேஷம் போட்டுக்கொண்டிருந்தான்.

உஸ்மா இதையெல்லாம் அருளிடம் சொன்னாள். பொறுமையாகத்தான் சொன்னாள்.

"ஒரு வண்டிய ஓரங்கட்டச் சொல்லணும்னா இன்னா பண்ணணும்னு இங்க யாருக்கும் தெரியல தம்பி. ரேடியோல எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க. கைது பண்ணவன எங்க கொண்டாந்து உடுறதுன்னு தெரியாம ஒருத்தன் பீச்ல எறக்கி உட்டுட்டு வந்துட்டான்."

"கரெக்ட்டுக்கா. நானும் அதான் ஃபீல் பண்ணேன். நீங்களே ட்ரெய்னிங் பாத்துக்கோங்க" என்றான் அருள். அடுத்த அணிவகுப்பில் அவளை ட்ரெய்னிங் எஸ்.ஐ. என்று அறிவித்தான். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் வகுப்பு. நஜீர் பாத்திரம் கழுவ, உஸ்மா மைக்கை மாட்டுவாள். வண்டியை எவ்வளவு தள்ளி நிறுத்துவது, எந்தப் பக்கம் இறங்குவது, முதல் வார்த்தை என்ன பேசுவது, துப்பாக்கியை எப்போது தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் செய்துகாட்டுவாள். பாதியில் ரேடியோ அலறும். "பேங்க்ல கொள்ள! எல்லாரும் வாங்கடா, மாமே, சீக்கிரம்!" பாண்டியனின் குரல். அவ்வளவுதான், வகுப்பிலிருந்த அத்தனை பேரும் ஜீப்பில் தாவி ஏறிப் போய்விடுவார்கள். வாகன நிறுத்தத்தில் உஸ்மா மட்டும் தனியாக நிற்பாள். அடுத்த வாரம் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மறுபடி பேங்க். அலைநகரில் அவ்வளவு கொள்ளை நடக்க அந்த பேங்கில் என்னதான் இருந்ததோ தெரியவில்லை.

வகுப்பே முடிக்காதவர்களுக்குப் பாண்டியன் தன்னிஷ்டத்துக்கு 'பாஸ்' போட்டு அனுப்பினான். கேட்டால், "பசங்களுக்கு ஃபன் வேணும்க்கா. உங்க க்ளாஸ் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரி கீது" என்றான். அருளிடம் முறையிட்டாள். "பேசறேன்க்கா" என்றான். பேசவில்லை.

அந்தக் கூத்திலும் ஒருத்தி ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். காவ்யா. சேக்காட்டில் வீடு, ஆவடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ரேடியோ அலறினாலும் அவள் ஓட மாட்டாள். "க்ளாஸ் முடியட்டும்க்கா" என்று நிற்பாள். கடையில் கோபத்தோடு வருகிறவர்களைச் சமாளித்துப் பழகிய குரல் அவளுக்கு. வேகமாக வந்த ஒரு திருடனை நிறுத்தி, "வண்டிய ஆஃப் பண்ணிடுங்களேன் சார், சூடு ஆயிடப் போவுது" என்று சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டான். உஸ்மாவுக்கு அன்று முழுக்க நல்ல மனநிலை. மாலையில் பாண்டியன் ரேடியோவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி காவ்யாவைத் திட்டினான், துப்பாக்கியை ஏன் நீட்டவில்லை என்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கல்யாணம் வந்தது.

அலைநகரில் மனோகரன் என்று ஒருவர் மெக்கானிக் கடை வைத்திருந்தார். நிஜத்தில் கத்தாரில் கிரேன் ஆபரேட்டர். அவருடைய மனைவி வனஜா அம்பத்தூரில் இருந்தாள். வேலை முடிந்த பொழுதுகளில் இருவரும் அலைநகரில் சந்தித்துக்கொள்வார்கள், அவள் கொண்டுவரும் பொய்ச்சாப்பாட்டைக் கடை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களுடைய நிஜக் கல்யாணம் ஊரடங்கில் நடந்தது. வனஜாவின் அப்பா, அம்மா, ஐயர், ஒரு மாமா. போட்டோவில் எல்லார் முகத்திலும் மாஸ்க். கூட்டம் பார்க்கக் கல்யாணம் நடக்கவில்லை என்பது வனஜாவுக்கு ஆறாத குறை. அதனால் அலைநகரில் ஒரு கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று மனோகரன் சொன்னார். கத்தாரில் விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை மாலை.

ஊரே வேலை செய்தது. இட்லிக் கடைக்காரர் பந்திக்குப் பொறுப்பேற்றார். நஜீர் வாசலுக்கு ஒரு பேனர் வரைந்து கொடுத்தான், நிஜப் பேனர் மாதிரியே, ஓரத்தில் ஏழெட்டு பேர் முகத்தோடு. திருடர் கும்பல்கூட அன்றைக்குத் திருட்டு இல்லை என்று அறிவித்து, மொய் எழுதுகிற மேஜையில் உட்கார்ந்துகொண்டது. வனஜா ஸ்டேஷனுக்கு வந்து முறைப்படி பாதுகாப்புக் கேட்டாள். உஸ்மா காவ்யாவையும் வகுப்பில் கொஞ்சமாவது காது கொடுத்த இன்னும் சிலரையும் அனுப்பினாள். மண்டபத்துத் தெருவில் எந்தத் துரத்தலும் வரக்கூடாது என்று அருளிடம் சொன்னாள். அவன் சரி என்றான். "பாண்டியன்கிட்டயும் சொல்லிடு" என்றாள். அதற்கும் சரி என்றான்.

அவன் சொல்லவில்லை.

தாலி கட்டுகிற நேரம். மண்டபம் நிறைந்திருந்தது. நாதஸ்வரம் வாசிக்கிற ஆள் ஒருவர் நிஜமாகவே தன் வீட்டில் மைக் முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஊருக்குப் புதிதாக வந்த எவனோ ஒருவன் சிக்னலில் நிற்காமல் போக, பாண்டியன் துரத்த, அவனுக்குப் பின்னால் ஜீப்புகள் வர, அந்தப் பையன் பயந்துபோய் மண்டபத் தெருவுக்குள் திரும்பினான். காவ்யா நடுத்தெருவில் நின்று கையை நீட்டினாள். ரேடியோவில், "நிறுத்துங்க சார், உள்ள ஜனம் கீது!" என்று கத்தினாள். ரேடியோவில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் பாண்டியனின் ஜீப் பேனரைக் கிழித்துக்கொண்டு பந்திக்குள் போனது. வகுப்புக்கே வராமல் 'பாஸ்' வாங்கிய ஒருவன் இறங்கி, கையில் தாலியோடு நின்ற மாப்பிள்ளையைச் சுட்டான். ஏன் என்று பிறகு கேட்டதற்கு, "கையில என்னமோ வெச்சிருந்தாரு" என்றான்.

மனோகரன் தரையில் கிடந்தார். வனஜா முதலில் வேஷத்திலேயே அழுதாள். கொஞ்ச நேரத்தில் அது வேஷம் இல்லை என்று எல்லாருக்கும் புரிந்தது. நாதஸ்வரம் நின்றது. வனஜாவின் மைக் அணைந்தது.

கோடம்பாக்கம் வரை கேட்கிற மாதிரி உஸ்மா கத்துவாள் என்று நஜீர் எதிர்பார்த்தான். அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கமிஷனர் கூட்டம் போட்டான். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தான். பிறகு, மண்டபப் பாதுகாப்பு காவ்யாவின் பொறுப்பு, அவள் தெருவைச் சரியாக மறிக்கவில்லை, ஆகவே அவளைக் கொஞ்ச காலம் வேலையிலிருந்து நிறுத்திவைப்பதாக அறிவித்தான். காவ்யா யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"இன்னா தம்பி பேசற நீ?" என்றாள் உஸ்மா. "இடிச்சது ஒருத்தன், சுட்டது ஒருத்தன், சொல்லாம உட்டது நீ. நிறுத்துன்னு கைய காட்டுனவளுக்கா தண்டன?"

"அக்கா, இது கேம்தானேக்கா. ஏன் இவ்ளோ டென்ஷன் ஆவறீங்க?"

"கேம்னா அந்தக் கமிஷனர் தொப்பிய ஏன் மாட்டிக்கினு கீற? கழட்டி வெச்சுட்டு ஓடிப் புடிச்சு ஆடு."

பாண்டியன் சிரித்தான். அருள் கூட்டத்தை முடித்துவிட்டான்.

உஸ்மா விலகிவிடத்தான் நினைத்தாள். ஆனால் காவ்யாவை நினைக்க நினைக்க மனசு கேட்கவில்லை. போன் செய்தால் அவள், "பரவால்லக்கா, கடைலதான் தெனமும் திட்டு வாங்கறேன், இங்கயும் வாங்கணுமா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு உஸ்மா அருளுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'முகப்பேர்ல எந்த பிளாக்? நேர்ல பேசணும்.'

பிளாக்குக்கு எதிரே இருந்த டீக்கடையில் சந்தித்தார்கள். கமிஷனர் என்று மைக்கில் கேட்ட கனத்த குரலுக்கு, ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு பையன் ஹவாய் செருப்போடு வந்து நின்றான். அவள் கொண்டுவந்த கோபத்தை யார்மேல் போடுவது என்று உஸ்மாவுக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"பாண்டியன ஏன்ப்பா ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கற?"

"அவன் போனா அவன்கூட பாதி பேரு போயிடுவாங்கக்கா. சிட்டி காலியாயிடும்."

"போனா போவட்டும். போலீஸ் இருந்து இன்னா கிழிச்சீங்க?"

அருள் டீ கிளாசைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, "எனக்கே தெரியாதுக்கா" என்றான்.

"இன்னா தெரியாது?"

"வண்டிய எப்படி நிறுத்தறது, கைது எப்படிப் பண்றது, எதுவும். எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? மொத நாளே கமிஷனர் ஆயிட்டேன். இப்ப போயி கேட்டா அசிங்கமா இருக்குமில்ல? அதான் ஸ்பீச் குடுக்கறேன்."

உஸ்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை மாதம் ஒரு விவரமும் தெரியாதவனிடமா விவரம் கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தோம் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. அதோடு, எதிரில் நின்ற பையனைத் திட்டவும் முடியவில்லை.

"கமிஷனர்ல இருந்து கான்ஸ்டபிள் வரைக்கும் எல்லாரும் என் க்ளாஸ முடிக்கணும். முடிக்கிற வரைக்கும் ஒருத்தன் கையிலயும் சாவி இருக்கக் கூடாது. க்ளாஸ் நேரத்துல ரேடியோ கெடையாது. ஒத்துக்கினா நான் இருக்கேன்" என்றாள். "அப்புறம் மொதல்ல வனஜாகிட்ட போயி மன்னிப்புக் கேளு."

அவன் கேட்டான். வனஜாவுக்குப் போன் போட்டு, எழுதி வைத்துக்கொண்டு படிப்பதுபோல் நீளமாக மன்னிப்புக் கேட்டான். அவள் நடுவில் நிறுத்தினாள். "எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம் தம்பி. அந்தப் பொண்ணு ஒருத்திதான் எங்களுக்காக வண்டி முன்னாடி நின்னா. அவ மேல போட்ட பழிய எடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி எடு."

அந்த வாரத்து அணிவகுப்பில் அருள் பேச எழுந்தான். ஒழுக்கம், கட்டுப்பாடு என்றுதான் பழக்கத்தில் ஆரம்பித்தான். பிறகு நிறுத்திவிட்டு, "காவ்யா மேல தப்பில்ல. பாண்டியன்கிட்ட நான் சொல்லல. தப்பு என்னுது. அத அவ மேல போட்டது அத விடப் பெரிய தப்பு" என்றான். புதிய விதிகளையும் சொன்னான்.

"மச்சான், இன்னா ஆச்சு உனக்கு?" என்றான் பாண்டியன். "நான் இன்ஸ்பெக்டருடா. எனக்கு க்ளாஸா?"

"எனக்கே க்ளாஸ்தான்டா" என்றான் அருள்.

பாண்டியன் சாவியை வீசிவிட்டுப் போனான். அருள் பயந்ததுபோலவே பாதிக்கும் மேற்பட்டவர்கள் பின்னாலேயே போனார்கள். அதற்குப் பிறகு சில வாரங்கள் அலைநகர் திருடர்களுக்குக் கொண்டாட்டம். கடைக்காரர்கள் ஸ்டேஷனுக்கு வந்து கத்தினார்கள். முன்னால் இடித்துத் தள்ளினாலும் போலீஸ் என்று ஒன்று இருந்தது, இப்போது அதுவும் இல்லை என்றார்கள். உஸ்மாவுக்கு அவர்களிடமும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அருளின் பயிற்சி அதைவிடக் கொடுமை. மறுபடி வேலைக்கு வந்துவிட்ட காவ்யாதான் காரில் வருகிற ஆளாக நடித்தாள். முதல் தடவை கமிஷனர் ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்க, ஜீப் அவனுக்கு முன்னாலேயே போய்க் கால்வாயில் விழுந்தது. அடுத்த தடவை ஓட்டுநரிடம் லைசென்ஸ் கேட்பதற்குப் பதிலாகத் தன் லைசென்சை எடுத்து நீட்டினான். இன்னொரு தடவை காவ்யா, "எதுக்கு சார் நிறுத்துனீங்க?" என்று கேட்க, காரணம் மறந்துபோய், "சும்மாதான்" என்றான். உஸ்மா மேஜையில் நெற்றியை முட்டிக்கொண்டது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. ஆனால் அவன் ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். ஒருநாள் ஒழுங்காக நிறுத்தி, ஒழுங்காக இறங்கி, மரியாதையாகப் பேசி அனுப்பினான். முடிந்ததும், "பாஸாக்கா?" என்று கேட்ட குரலில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கிற பயம் இருந்தது.

"பாஸ்" என்றாள் உஸ்மா. காவ்யா மைக்கில் கைதட்டினாள்.

வனஜாவும் மனோகரனும் கல்யாணத்தை மறுபடி வைத்துக்கொள்ளவில்லை. உஸ்மா கேட்டுப் பார்த்தாள். "ஒரு தடவ கெட்டுப்போச்சுக்கா, இன்னொரு தடவ அந்த மேடைல நிக்கத் தெம்பில்ல" என்றாள் வனஜா. மெக்கானிக் கடை மட்டும் திறந்திருந்தது. அந்தப் பக்கம் ரோந்து போகும்போதெல்லாம் உஸ்மாவுக்குச் சங்கடமாக இருக்கும். மனோகரன் ஜீப்பை நிறுத்தி ஆயில் பார்த்துக் கொடுப்பார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

பாண்டியன் திரும்பி வந்தான். வேறு சிட்டியில் அவனைவிடப் பெரிய பாண்டியன்கள் இருந்தார்களாம். க்ளாசில் கடைசியில் நின்றுகொண்டு ஒவ்வொரு வரிக்கும் எதிர்வாதம் செய்தான். காவ்யா அவனுக்குப் பாடம் எடுக்கத் தயாராக இருந்தாள். அவன், "இவளா எனக்கு?" என்றான். அருள், "ஆமாண்டா, இவதான்" என்றான். அன்றைக்கு உஸ்மாவுக்கு அந்தப் பையன்மேல் முதல்முறையாக மதிப்பு வந்தது.

அதற்குப் பிறகும் ஒருநாள் அருள் போன் செய்தான். உஸ்மா காட்டுப்பாக்கத்தில் ஒரு அம்மாவுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களே கமிஷனரா இருந்துடுங்க. என்னால முடியல. தெனமும் ஒருத்தன் சண்ட."

"நான் இருந்தா மட்டும் சண்ட போட மாட்டானுங்களா?"

"நீங்க சமாளிப்பீங்கக்கா."

"எனக்குக் கத்துக் குடுக்கத்தான் தெரியும். தப்ப ஒத்துக்கினு எல்லார் முன்னாடியும் நின்ன பாரு, அது எனக்கு வருமான்னு தெரியல. நீயே இரு. வை போன, அம்மா செவுத்துல இடிக்கப் போறாங்க."

அந்த ஞாயிறு புதிதாக ஐந்தாறு பேர் வகுப்புக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ரேடியோ அமைதியாக இருந்தது. உஸ்மா ஆரம்பிக்க வாய் திறந்தபோது வரிசையின் கடைசியில் ஒருவன் நீச்சல் உடையில் நிற்பதைப் பார்த்தாள்.

"மேடம், யூனிஃபார்ம் எங்க குடுப்பாங்க? எனக்கு யாருமே சொல்லல" என்றான்.

உஸ்மா மைக்கை அணைத்தாள். அவள் சொன்னது அடுத்த அறையில் லேப்டாப்பில் பேனர் வரைந்துகொண்டிருந்த நஜீருக்கு மட்டும் கேட்டது. பிறகு மைக்கைப் போட்டாள்.

"வா தம்பி, காட்டுறேன்."